இருவர் கைது, ஒருவருக்கு வலை: மசினகுடி யானையும் முப்பது நொடிக் கோபமும்

2021 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தாலும் ஒரே காட்சி. இரவு. ஒரு விடுதிக் கட்டடம். உள்ளேயிருந்து எரியும் பொருள் ஒன்று பறந்து வருகிறது. டயர் என்றே செய்திகள் எழுதின. அது யானையின் காதோரம் சிக்கிக்கொள்கிறது. தலையில் தீயோடு யானை இருட்டுக்குள் ஓடுகிறது. அவ்வளவுதான் காட்சி.

நான் அப்போது கோவையில் இயங்கிய ஒரு யூடியூப் செய்திச் சேனலுக்குக் கூடலூர் ஸ்ட்ரிங்கர், அதாவது பகுதிநேரச் செய்தியாளன். படம் எடுப்பதும் நான்தான், செலவு மிச்சம் என்று வெட்டி ஒட்டுவதும் நான்தான். அன்று சாயங்காலம் ஏழு மணிக்குள் அந்தக் காட்சியை வைத்து ஒரு ரீல்ஸ் செய்து அனுப்பினேன். என் கைவழியாகப் போனவற்றில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஊர் கொதித்தது. பிறகு ஆறியது. எப்படி ஆறியது என்பதில் என் பங்கும் உண்டு. அதை எழுதிவைக்கவே இந்த ஆய்வு.

முதலில், நடந்தது

மசினகுடி வட்டாரத்தில் சுற்றித்திரிந்த, 40 வயது மதிக்கத்தக்க ஆண் யானை அது. முதுகில் ஆழமான புண்ணோடு அது சாலையோரம் அசையாமல் நின்றதை 2020 கடைசியிலேயே இந்தப் பக்கத்து ஆட்கள் பார்த்திருந்தார்கள். வனத்துறை பழத்துக்குள் மருந்து வைத்துக் கொடுத்துப் பார்த்தது. கும்கிகளை அணைவாக நிறுத்தி, மயக்க ஊசி போட்டு, புண்ணைக் கழுவி மருந்தும் இட்டது. ஜனவரியில் காதில் புதிய காயம், ரத்தப்போக்கு. 19ஆம் தேதி மறுபடி மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் யானை இறந்துவிட்டது.

முதலில் பரவியது தீ வீடியோ அல்ல, அழுகை வீடியோ. செத்த யானையின் தும்பிக்கையைத் தடவியபடி ஒரு வனப்பணியாளர் விம்மி அழும் காட்சி. நாடு முழுக்க அது ஓடியது. அதைப் பகிர்ந்த பதிவுகள் பலவற்றில் 'முதுமலை, சாடிவயல் முகாம்' என்று எழுதியிருந்தது. சாடிவயல் கோவை மாவட்டத்தில், சிறுவாணி அடிவாரத்தில் இருக்கிறது. யாரும் திருத்தவில்லை. அழுகைக்கு ஊர் எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள்போல.

மூன்று நாள் கழித்துத் தீ வீடியோ வந்தது. அன்றைக்கே இருவர் கைதானார்கள், மூன்றாமவரைத் தேடினார்கள், விடுதிக்குச் சீல் வைத்தார்கள்.

முப்பது நொடிக்குள்

அந்த மாதங்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு உச்சவரம்பு 30 நொடி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் அதே 30 நொடி. 2020 ஜூனில் டிக்டாக் தடையான பிறகு எல்லாச் செய்திக் கடைகளும் சரக்கை இந்த அளவுக்குத்தான் பொட்டலம் கட்டின. எங்கள் டெஸ்க்கில் இருந்த அண்ணன் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, தீ முதல்ல வரணும். மூணு செகண்டுக்குள்ள ஆளோட கட்டைவிரல் நிக்கணும். கடைசில கைது. கைது இல்லாம முடிக்காத, கமென்ட்ல நம்மளத் திட்டுவானுங்க."

அப்படியே செய்தேன். முதல் 6 நொடி தீ. அதே காட்சியை மெதுவாக்கி இன்னொரு தடவை, 5 நொடி. அழும் வனப்பணியாளர் 8 நொடி, அடியில் வயலின். கைதானவர்கள் வரிசையாக நிற்கும் படம் 6 நொடி. மிச்சம் 5 நொடிக்குச் சிவப்புப் பட்டையில் 'இருவர் கைது, ஒருவருக்கு வலை'.

இப்போது அதைத் திரும்பப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வரிசை மாற்றம். நிஜத்தில் அழுகை முதலில் வந்தது, காரணம் பிறகுதான் தெரிந்தது. நடுவில் இருந்த மூன்று நாளும் 'இந்தக் காயம் எப்படி வந்தது' என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். நான் தீயை முன்னே நகர்த்தி, அழுகையைப் பின்னே வைத்து, கைதைக் கொண்டு மூடினேன். கேள்வி இருந்த மூன்று நாள் காணாமல் போனது. முதுகுப் புண் ஒரு சொல்கூட இல்லை, 30 நொடியில் அதற்கு இடம் ஏது? யார் செய்தார்கள், யார் அழுதார்கள், செய்தவன் கதி என்ன என்று மூன்றுக்கும் விடை உள்ளே இருந்தது. பார்த்து முடித்தவர் கேட்பதற்கு ஒரு கேள்வியைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

ரீல்ஸ் தானாகவே மறுபடி ஓடும் என்பதும் சின்ன விஷயமில்லை. தீ, கண்ணீர், கைது. உடனே மறுபடி தீ, கண்ணீர், கைது. பத்திரிகையில் படித்துவிட்டுக் கோபப்பட்டவன் அதைச் சுமந்துகொண்டு டீக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. இங்கே கோபமும் ஆறுதலும் ஒரே பொட்டலத்தில் வந்துவிடுகின்றன. நாலு முறை ஓடினால் நாலு முறை கொதித்து நாலு முறை ஆறியாகிவிட்டது.

ஷாந்தோ ஐயங்கார் என்ற அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் 1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் சோதனைகள் செய்தார். வறுமையை ஒரு தனி ஆளின் கதையாகக் காட்டினால் பார்ப்பவர்கள் பொறுப்பை அந்த ஆள் மேலேயே சுமத்தினார்கள். அதையே நாட்டின் பொதுநிலையாகக் காட்டினால் அரசையும் சமூகத்தையும் கேட்டார்கள். முதலாவதைச் சம்பவச் சட்டகம் என்றும் இரண்டாவதைப் பொருள் சட்டகம் என்றும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அவர் ஆராய்ந்தது நிமிடக்கணக்கில் ஓடும் செய்தி. முப்பது நொடிக்குச் சுருக்கினால் சம்பவம் மட்டும்தான் உள்ளே நுழையும். இது என் அனுபவம், ஆய்வு முடிவு அல்ல. ஆனால் டெஸ்க்கில் உட்கார்ந்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

ஐந்து நாள்

கமென்ட்களில் முதல் நாள் 'தூக்கில் போடு', 'அதே டயரை அவன் தலையில் வை'. இரண்டாம் நாளும் அதேதான், கொஞ்சம் சுருதி குறைவாக. திங்கட்கிழமை டெஸ்க்கிலிருந்து யானை பற்றி ஒரு போன்கூட இல்லை. 26ஆம் தேதி டெல்லியில் டிராக்டர் பேரணி, செங்கோட்டைக் காட்சிகள். 27ஆம் தேதி பெங்களூரில் சசிகலா விடுதலை, சென்னையில் ஜெயலலிதா நினைவிடத் திறப்பு. சட்டமன்றத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சேனலின் பட்டியலில் யானை ஐந்தாம் நாளே இல்லை.

புதுச் செய்தி வந்து பழையதை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டால் எளிது. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நம்பினேன். பிப்ரவரி கடைசியில் மசினகுடியில் டீ குடித்துக்கொண்டு, கடைக்காரரிடம் கேமராவைக் காட்டி, யானை விஷயமாக நாலு பேரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் பாலை ஆற்றியபடியே கேட்டார்:

"அதான் புடிச்சு உள்ள போட்டுட்டாங்களே தம்பி, இன்னும் என்ன ஷூட்டிங்?"

அவருக்கு மறக்கவில்லை. விவரம் எல்லாம் துல்லியமாக நினைவிருந்தது. அவரைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம், முடித்துவைத்தது என் சிவப்புப் பட்டை. கவனம் திசைமாறிக் கோபம் மறைவது வேறு, நியாயம் கிடைத்துவிட்டது என்ற நிறைவில் மறைவது வேறு. மறந்ததை நினைவூட்டலாம். நிறைவடைந்தவரிடம் என்ன சொல்வது?

ஆந்தனி டவுன்ஸ் 1972இல் பொதுக்கவனத்தின் சுழற்சி பற்றி எழுதினார். ஒரு பிரச்சினை திடீரென வெளிப்பட்டுப் பதற்றம் கிளம்பும். அதைத் தீர்க்க ஆகும் விலை என்ன என்று மக்களுக்கு உறைக்கத் தொடங்கும். உறைத்ததும் ஆர்வம் தேயும். மசினகுடியில் அந்த நடுக்கட்டம் வரவே இல்லை. விலை என்ன என்று தெரியும் முன்பே விஷயம் முடிந்ததாக அறிவித்துவிட்டோம்.

சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது

விலை என்ன என்பதைத்தான் அந்தப் பிப்ரவரியில் படம்பிடிக்கப் போயிருந்தேன்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சீகூர் சமவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம். ஒரு பக்கம் முதுமலை, பந்திப்பூர், மறுபக்கம் சத்தியமங்கலம். தெற்கே நீலகிரிச் சரிவு செங்குத்தாக நிற்கிறது, வடக்கே மாயார் பள்ளம். இடைப்பட்ட நிலம்தான் யானைக்கு நடை. மேலே ஏறவும் முடியாது, பள்ளத்தில் இறங்கவும் முடியாது. அந்த நடையில் பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று ஊர்கள், ஊர்களுக்கு நடுவே விடுதிகள், விடுதிகளைச் சுற்றி வேலி.

இந்த நிலத்தை யானை வழித்தடம் என்று தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்ட் 31இல் அரசாணை போட்டது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மாவட்ட நிர்வாகம் விடுதிகளுக்குச் சீல் வைத்தது. 2020 அக்டோபர் 14இல் இறுதித் தீர்ப்பு வந்தது: வழித்தடம் செல்லும். நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் மூவர் குழு அமைந்தது. உறுப்பினர்களில் ஒருவர் யானை அறிஞர் அஜய் தேசாய், அடுத்த மாதமே காலமானார்.

தீர்ப்புக்கும் தீ வீடியோவுக்கும் இடையே மூன்று மாதம்தான். நாடே யானைக்காகக் கொதித்த அந்த வாரத்தில், யானையின் நடை யாருக்கு என்று தீர்மானிக்கவேண்டிய குழுவின் வேலை இனிமேல்தான் நடக்கவேண்டியிருந்தது. அந்தக் கொதிப்பில் ஒரு கரண்டி அங்கே போயிருந்தால் என்னாகியிருக்கும் என்று நான் ஊகிக்கப்போவதில்லை. அப்படி ஒரு குழு இருப்பதே என் ரீல்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொன்னால் யானைப் பிரியர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். வழித்தட வரைபடத்துக்குள் விடுதிக்காரர் மட்டும் இல்லை. நாலு சென்டில் வீடு கட்டியவர், மாடு மேய்ப்பவர், ஜீப் ஓட்டுபவர், விடுதியில் பாத்திரம் கழுவுபவர் எல்லாரும் அதே கோட்டுக்குள்தான். 'எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளு' என்று சென்னையிலிருந்து கமென்ட் போட்டவருக்கு இவர்கள் யாரும் தெரியவில்லை, ஏனென்றால் நான் காட்டவில்லை. வில்லனைக் காட்டினேன், ஊரைக் காட்டவில்லை. பேச வந்தவர்களில் பாதிப்பேர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு புரிந்தது.

கேமராவில் ஒரு கணக்கும் உண்டு. அகலவாக்கில் எடுத்த படத்தைக் கைபேசிக்காகச் செங்குத்தாக வெட்டினால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மாவனல்லா சாலையில் நான் எடுத்த ஒரு காட்சியில் இடது ஓரம் மின்வேலி, வலது ஓரம் வேலியை ஒட்டியே போகும் யானைத்தடமும் லத்தியும், நடுவில் வெறும் சாலை. செங்குத்தாக வெட்டினேன். வெறும் சாலை மட்டும் மிஞ்சியது.

அந்தப் படத்தையும் நாலைந்து பேட்டிகளையும் சேர்த்து நாலு நிமிடத்துக்கு ஒன்று செய்து அனுப்பினேன். டெஸ்க் அண்ணன் நல்ல மனிதர், முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா இதுக்கு முடிவு எங்க?"

முடிவு இல்லைங்கண்ணா, கேஸ் நடக்குது என்றேன். அப்ப முடிஞ்சதும் போடலாம் என்றார். அது என் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கிறது.

புலி வந்தபோது

அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் டி23 புலி. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நாலு பேரையும் கால்நடைகளையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. அக்டோபர் 1இல் வேட்டையாட உத்தரவு. உடனே கொல்லவேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 21 நாள் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15இல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

யானைக்கு ஒரே நாளில் முடிந்த கதை. புலிக்கு 21 நாள் தொடர்கதை. தினமும் ஒரு ஷார்ட்ஸ்: டிரோன் வந்தாச்சு, கும்கி வந்தாச்சு, மோப்ப நாய் வந்தாச்சு, புலி தப்பிச்சாச்சு. இந்தத் தடவை கோபம் இரண்டாகப் பிளந்தது. வெளியூரில் 'புலியைக் கொல்லாதே'. உள்ளூரில் தோட்டத் தொழிலாளிகள் சாலையில் உட்கார்ந்து, காலையில் இலை பறிக்கப் போகிறவளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நான் இங்கேயே பிறந்தவன். என் வீட்டிலும் பச்சை எடுக்கப் போன பெண்கள் உண்டு. அந்தச் சாலை மறியலை எடுத்து அனுப்பினேன். டிரோன் காட்சிக்கு நடுவே 4 நொடி வந்தது.

தேடுதல் என்று சட்டகம் போட்டுவிட்டால் பிடிபடுவதுதான் முடிவு. 15ஆம் தேதி கூண்டு வண்டி கிளம்பியதும் எல்லாத் தரப்புக் கோபமும் ஒரே நாளில் வடிந்தது. எஸ்டேட்டுக்குள் புதர் மண்டிக் கிடப்பது ஏன், பாடிக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) போகும் பாதையில் விளக்கு இல்லாதது ஏன், விளக்கு கேட்டால் 'செக்‌ஷன் 17 நிலம், கரண்ட் தர முடியாது' என்று பதில் வருவது ஏன்? பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம், குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவு, அரை நூற்றாண்டாகத் தீராத நில வழக்கு எல்லாம் புலிக்குப் பின்னால் வரிசையாக நின்றன. கூடலூரில் எந்தத் தாத்தாவும் அதைக் கால் மணி நேரம் விளக்குவார். முப்பது நொடியில் விளக்கும் தாத்தா இன்னும் பிறக்கவில்லை.

கொடைக்கானலில் எதனால் நீடித்தது

குறுங்காட்சி என்றாலே கோபம் சீக்கிரம் ஆறிவிடும் என்று எழுத உட்கார்ந்தேன். கொடைக்கானல் குறுக்கே வந்தது.

அங்கே பாதரச வெப்பமானித் தொழிற்சாலை. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்து 1980களில் கொண்டுவந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடந்ததை உள்ளூர்க்காரர்களும் சூழலியல் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடியது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, 2006இல் உயர் நீதிமன்றம் போனார்கள். பிறகு நாடு மறந்துபோனது. அவர்கள் மறக்கவில்லை.

2015 ஜூலை கடைசியில் இந்தப் பாதரச விவகாரத்தைப் பற்றி ஒரு ராப் பாடல் வீடியோ வந்தது. இரண்டு மூன்று நிமிடம்தான். லட்சக்கணக்கில் பரவி, நிறுவனத்தின் உலகத் தலைவரே பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. எட்டு மாதம். யானைக்கு ஐந்து நாள்.

நீளம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீடியோவில் கைது இல்லை. கண்ணீர் முகமும் முன்னே நிற்கவில்லை. தனி ஆள் வில்லனாக இல்லாமல், ஒரு நிறுவனத்தின் பெயரும், இன்னும் செய்யாத இரண்டு வேலைகளும் இருந்தன: தொழிலாளிக்கு இழப்பீடு கொடு, மண்ணைச் சுத்தம் செய். பார்த்து முடிக்கும்போது கடன் பாக்கி அப்படியே நிற்கும். அந்தக் கோபத்தைக் கையில் வாங்கிக்கொள்ள 15 வருடமாகப் படியேறிய ஒரு சங்கமும் தரையில் இருந்தது. இது இல்லாமல் வீடியோ மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மசினகுடியைப் பார்த்தால் போதும். மாவனல்லாவில் யானைக்குச் சங்கம் இல்லை.

இரண்டு கோரிக்கைகளில் ஒன்று நிறைவேறியதும் கொடைக்கானல் கோபமும் பெருமளவு கலைந்தது. மண் மிஞ்சியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருந்தால் போதும் என்ற அளவுகோலுக்கு எதிராக, கீழே பாம்பார் சோலை இருக்கிறது, நீர்வழி இருக்கிறது, இந்த அளவு போதாது என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். 591 பேருக்குப் பணம் என்பதை ஒரு பட்டையில் எழுதிவிடலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று எழுதினால் யாருக்கு வயிறு எரியும்? ஆலை வாசலில் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். சுவர், மரம், பனிமூட்டம். படம் எடுக்க ஒன்றும் இல்லை.

இப்போது

அந்தச் சேனலை விட்டு வந்து சில வருடமாகிறது. இப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மலைச் செய்திகளுக்கென்று சின்னதாக ஒன்று நடத்துகிறோம். ஷார்ட்ஸ்தான் போடுகிறோம், வேறு வழியில்லை. தோட்டத்திலும் ஜீப் ஸ்டாண்டிலும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினேன். கைதோ, சீலோ, கூண்டோ கடைசிக் காட்சியாக வராது. அது நடுவில் வரும். கடைசி 5 நொடியில் அடுத்து என்ன நடக்க வேண்டும், எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் என்று எழுதுகிறோம். தேதி தெரியாவிட்டால் 'தேதி இன்னும் சொல்லவில்லை' என்று எழுதுகிறோம்.

ஓட்டம் குறைவு. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. கூட இருக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் முனகுவான், "அண்ணா, கடைசில சப்புன்னு ஆயிடுது." ஆமாம், சப்பென்றுதான் ஆகிறது. போன வாரம் ஒரு ஷார்ட்ஸுக்குக் கீழே யாரோ ஒருவர், மூன்று வாரம் முன்பு போட்டதைப் பிடித்துக்கொண்டு, 'அந்த 12ஆம் தேதி என்னாச்சு?' என்று கேட்டிருந்தார். எனக்கே தெரியவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். ஒத்திவைத்திருந்தார்கள்.